அழகுக் குறிப்பா, கிறுக்கல் கொப்பியா? உயர்தர மாணவர் செய்யவேண்டிய தெரிவு

தரம் 12இல் சேரும் பிள்ளை முதல் மாதத்திலேயே ஒரு முடிவை எடுத்துவிடுகிறது. அது ஒரு முடிவு என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. பாடக்குறிப்பை எப்படி எழுதுவது, அதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது, எழுதியதை யாருக்குக் காட்டுவது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் அந்த முடிவு. விஞ்ஞானப் பிரிவா கலைப் பிரிவா என்று வீட்டில் வாரக்கணக்கில் பேசுகிறோம். எந்த ரியூசனுக்கு அனுப்புவது என்று அயலவர் எல்லோரிடமும் விசாரிக்கிறோம். கொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்த ஆசிரியரோடும் இருப்பதைவிடக் கூடுதலான நேரம் பிள்ளை அந்தக் கொப்பியோடுதான் இருக்கப்போகிறது.

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியிலும் கல்லடியிலும் உயர்தர உயிரியல் கற்பிக்கிறேன். பிள்ளைகளின் கொப்பிகளை வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். சிலர் ஒவ்வோர் அலகையும் வண்ணப் பேனைகளால் சித்திரம் போல எழுதி வைக்கிறார்கள். சிலர் ஒரே சீ.ஆர். கொப்பியில் எல்லாவற்றையும் கிறுக்கிக்கொண்டு, கடந்தகால வினாத்தாள்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். சிலர் படிப்புக்கென்றே ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் எழுதியதைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் போடுகிறார்கள். நான்கையும் செய்யும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் பாடசாலை, ரியூசன், பஸ் பயணம் எல்லாம் போக இரவில் மிஞ்சுவது மூன்று நான்கு மணித்தியாலம்தான். அதை எதில் போடுவது என்பதுதான் கேள்வி.

வண்ணப் பேனையின் பலனும் விலையும்

2010களின் நடுப்பகுதியில் டம்ளர் என்ற தளத்தில் ‘ஸ்டடிபிளர்’ என்ற பெயரோடு மாணவர்கள் தங்கள் படிப்பு மேசையையும் கொப்பியையும் படமெடுத்துப் போட்டுவந்தார்கள். அது இன்ஸ்டாகிராமுக்குப் போய் ‘ஸ்டடிகிராம்’ ஆனது. இன்று டிக்டொக்கிலும் யூடியூபிலும் பரவி, கைத்தொலைபேசி வழியாக ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை வந்துவிட்டது. மென்னிற ஹைலைட்டர், தூரிகை முனைப் பேனை, வண்ண ஒட்டு நாடா, ஸ்டிக்கர் எல்லாம் கல்முனைப் புத்தகக் கடைகளிலேயே கிடைக்கின்றன.

இதை ஒரே சொல்லில் வீண் வேலை என்று தள்ளிவிடும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொப்பியைத் திறக்கவே மனமில்லாத பிள்ளை, தான் அழகாக எழுதிய பக்கத்தைப் பார்ப்பதற்காகவாவது அதைத் திறக்கிறது. சத்தமும் சண்டையும் நிறைந்த வீட்டில் ஒரு மூலையில் அமர்ந்து நேர்த்தியாக எழுதுவது மனதை அடக்குகிறது. உயிரியலில் படம் வரைதல் பாடத்தின் ஒரு பகுதியே. அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து, பகுதிகளைச் சரியாகப் பெயரிட்டுப் பழகிய கை பரீட்சை மண்டபத்திலும் அப்படியே வரைகிறது. விடைத்தாள் திருத்துபவரும் மனிதர்தான். தெளிவாக எழுதப்பட்ட விடையில் புள்ளிக்குரிய வரியைத் தேடவேண்டியதில்லை.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. இதயமும் குருதிச் சுற்றோட்டமும் என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அழகாக எழுதும் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்குக் கொடுக்கிறது. நாடி என்றால் சிவப்பு, நாளம் என்றால் நீலம் என்று கைப்பழக்கத்தில் தீட்டிக்கொண்டு போகிறது. ஆனால் சுவாசப்பை நாடியில் ஓடுவது ஒட்சிசன் குறைந்த குருதி. சுவாசப்பை நாளத்தில் ஓடுவது ஒட்சிசன் நிறைந்த குருதி. அந்த இரண்டு இடங்களிலும் நிறம் மாறியாக வேண்டும். கல்வி வலயத்தில் முதலாமிடம் பெறக்கூடிய பிள்ளைகளின் கொப்பிகளிலேயே இந்தப் பிழையைப் பளிச்சென்ற வண்ணத்தில் பார்த்திருக்கிறேன். கையும் கண்ணும் வேலை செய்தன. ‘இந்தக் குருதி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது’ என்ற கேள்வி ஒரு தடவைகூட எழவில்லை. அதே பிள்ளையிடம் வெறுந்தாளைக் கொடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு துளிக் குருதி மேற்பெருநாளத்தால் உள்ளே வந்து தொகுதிப் பெருநாடியால் வெளியேறும் வரை வழியை வரையச் சொன்னால், கறுப்புப் பேனையாலேயே சில நிமிடத்தில் பிழை வெளிச்சத்துக்கு வந்துவிடும். மேசையில் உட்கார்ந்தபடி தானே அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அந்தப் பிழை பிறகு வராது.

நினைவைப் பற்றிய ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சிறு பாடப்பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சில பகுதிகளை மாணவர்கள் இரண்டாம் தடவையும் படித்தார்கள். வேறு சிலவற்றை மறுபடி பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்ததே மேலாக இருந்தது: 81 சதவீதம், மற்றதில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. மறுபடி படித்ததில் 42 சதவீதமும் நினைவிலிருந்து எழுதியதில் 56 சதவீதமும் மிஞ்சியிருந்தன. கொப்பியை மூடியவுடன் எல்லாம் தெரிந்தது போல இருப்பதும், பரீட்சை மண்டபத்தில் எதுவும் வராமல் போவதும் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. 2013இல் டன்லோஸ்கியும் அவருடைய சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டு ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். வண்ணத்தால் கோடிடுவது, திரும்பத் திரும்ப வாசிப்பது, சுருக்கி எழுதுவது ஆகியவை குறைந்த பயன் தருபவை என்ற வரிசையில் நின்றன. தன்னைத்தானே சோதிப்பதும், படிப்பை நாட்களுக்கிடையே பிரித்து இடைவெளி விட்டுச் செய்வதும் மட்டுமே உயர்ந்த பயன் உள்ளவை என்ற இடத்தைப் பெற்றன.

ஆகவே வண்ணக் குறிப்பு பிழையான பொருளல்ல. அதைப் படிப்பென்று எண்ணிக்கொள்வதே பிழை. ஒரு மென்னிற ஹைலைட்டர் தொகுதிக்குக் கொடுக்கும் பணத்தில் கடந்தகால வினாத்தாள்களின் போட்டோக்கொப்பியை வாங்கலாம் என்பதையும் பெற்றோர் மனதில் வைத்திருக்கவேண்டும்.

கிறுக்கல் கொப்பி

இதைக் கையாள்பவர்கள் பெரும்பாலும் பையன்கள் என்று ஒரு பேச்சு உண்டு. என் வகுப்புகளில் அப்படி இல்லை. பெண்பிள்ளைகளிலும் கிறுக்குபவர்கள் நிறைய இருக்கிறார்கள். தங்கள் கொப்பியைக் காட்ட வெட்கப்படுகிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் வெட்கப்படத் தேவையில்லை.

உயர்தர உயிரியலின் முதல் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். இணைந்த கணிதத்தில் ஒவ்வொரு வினாத்தாளிலும் பத்துச் சிறு வினாக்களுக்கும், பின்னர் ஏழு பெரிய வினாக்களில் ஐந்துக்கும் விடை எழுதவேண்டும். இவற்றை எழுதி எழுதித்தான் பழக முடியும். இணைந்த கணிதத்துக்கு வண்ணக் குறிப்பு எழுதும் பிள்ளையைக் கண்டால் எனக்கு உண்மையில் கவலையாக இருக்கிறது. ஒரு சமன்பாட்டைப் பெட்டி போட்டு அலங்கரிப்பதற்குள் இரண்டு கணக்குச் செய்திருக்கலாம்.

கிறுக்கல் கொப்பி பலன் தரவேண்டுமானால் அதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் போக் என்ற பேராசிரியர் 1950களில் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பக்க அமைப்பு நம்முடைய சீ.ஆர். கொப்பிக்கு அப்படியே பொருந்துகிறது. பக்கத்தின் இடப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குக் கோடு ஒன்று இழுக்கவேண்டும். வகுப்பில் வலப்பக்கத்தில் மட்டும் வேகமாக எழுதவேண்டும். அன்றிரவே இடப்பக்கத்தில், வலப்பக்கம் எந்தக் கேள்விக்கு விடையோ அந்தக் கேள்வியை எழுதவேண்டும். அடியில் சில வரி விட்டு, பக்கத்தின் சாரத்தைச் சொந்தச் சொல்லில் எழுதவேண்டும். பிறகு வலப்பக்கத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டுக் கேள்விக்கு வாய்விட்டு விடை சொல்லவேண்டும். இதற்குச் செலவு எதுவுமில்லை. எழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் பரவாயில்லை.

இந்த வழியின் குறைகளையும் சொல்லியாகவேண்டும். வினாத்தாளிலேயே மூழ்கிவிடும் பிள்ளை, கேட்கப்பட்டதை மட்டும் படிக்கிறது. 2017இல் தரம் 12க்கு வந்த புதிய பாடத்திட்டத்தின்படி 2019இல்தான் முதற்பரீட்சை நடந்தது. அதற்கு முந்திய வினாத்தாள்களில் இன்று பாடத்தில் இல்லாதவை இருக்கின்றன, இன்று இருப்பவை இல்லை. இதைப் பார்க்காமல் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. புள்ளியிடும் திட்டத்தை விடையாகவே மனனம் செய்வது இன்னும் மோசம். வினாவின் ஒரு சொல் மாறினால் அந்தப் பிள்ளை திணறிவிடும். அதோடு தனித்தாள்களில் கிறுக்கினால் தரம் 13இல் எதுவும் கையில் இருக்காது. கொப்பியாகவே இருக்கட்டும், திகதியும் அலகின் பெயரும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கட்டும்.

கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு திருத்தம். வரலாறு, இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், புவியியல், தமிழ் என்று எழுதும் பாடங்களில் வெறும் பல்தேர்வுப் பயிற்சி போதாது. அங்கே கேள்வியைப் பார்த்தவுடன் கட்டுரையின் எலும்புக்கூட்டை எழுதிப் பழகவேண்டும்: எந்த வாதம் முதலில், எந்தச் சான்று எதன் பின்னால், எந்த ஆண்டு எங்கே. முழுக் கட்டுரை ஒன்று எழுதும் நேரத்தில் இப்படி நாலைந்து எலும்புக்கூடுகள் எழுதலாம். பொருளியலில் கேள்வி (demand), நிரம்பல் (supply) வளைகோடுகளைப் பார்த்து வரைவதும் பார்க்காமல் வரைந்து பெயரிடுவதும் ஒன்றல்ல என்பதை அந்தப் பாட ஆசிரியர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நாட்குறிப்பு

நியூயோர்க்கில் வடிவமைப்பாளராக இருந்த ரைடர் கரோல் என்பவர், சிறுவயது முதலே கவனத்தை ஒருமுகப்படுத்தச் சிரமப்பட்டவர். அதைச் சமாளிக்கத் தனக்கென்று உருவாக்கிய எளிய குறிப்பு முறையை 2013இல் வெளியிட்டார். ‘புல்லட் ஜேர்னல்’ என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அவருடைய முறையில் இருந்தவை புள்ளி, சிறு கோடு, வட்டம் மட்டும். பூவும் கொடியும் நீர்வண்ணமும் பிறகு சமூக ஊடகத்தில் ஏறியவை. வகுப்பில் நாட்குறிப்பு வைத்திருக்கும் பிள்ளைகள் பலர் அந்தப் பிற்காலத்து வடிவத்தையே பார்த்துப் பழகியதால், மாதத்தின் முதற்பக்கத்தை வரைவதிலேயே களைத்து, இரண்டாம் வாரத்தில் கைவிடுகிறார்கள்.

என் சிபாரிசு பிழைப் பதிவேடு. ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். வினாத்தாள் செய்து முடித்ததும் பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு வரி: எந்த ஆண்டு, எந்த இலக்கம், நான் என்ன விடை எழுதினேன், ஏன் பிழைத்தது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். பாடம் தெரியாமல் பிழைத்ததா, கேள்வியில் ‘அல்லாதது’ என்ற சொல்லைக் காணாமல் பிழைத்ததா, விடை தெரிந்தும் கலைச்சொல் நினைவுக்கு வராமல் பிழைத்ததா, நேரம் போதாமல் ஊகித்ததா? மூன்று மாதப் பதிவைப் புரட்டினால் பிள்ளைக்குத் தன் பலவீனம் தெரிந்துவிடும். கவனக்குறைவால் புள்ளி இழக்கும் பிள்ளை புதிய குறிப்பு எழுதிப் பயனில்லை. பாடம் தெரியாத பிள்ளை வேகப் பயிற்சி செய்தும் பயனில்லை. அந்த வரிகளுக்குப் பக்கத்திலேயே மறுபடி பார்க்கவேண்டிய திகதியை எழுதினால் இடைவெளிப் படிப்பும் தானாக நடந்துவிடும். மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று வைத்துக்கொண்டால் போதும். மறதியை முதன்முதலில் அளந்து பார்த்த எபிங்ஹவுஸ் 1885இலேயே, ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பிரித்துப் படிப்பது நிலைக்கிறது என்று கண்டுவிட்டார்.

மனதில் உள்ளதைக் கொட்டி எழுதும் நாட்குறிப்பு வேறு வகை. பரீட்சைக்குச் சற்றுமுன் பத்து நிமிடம் தன் பயத்தை எழுதிய மாணவர்கள் சிறப்பாகச் செய்தார்கள் என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அதைத் திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே புள்ளிக்காக அதை எழுதச் சொல்லமாட்டேன். ஆனால் பேச ஆளில்லாத பிள்ளைக்கு எழுதுவது ஆறுதல் தருகிறது. அக்கா, தங்கை, தம்பி எல்லோரும் ஒரே அறையில் படுக்கும் நம் வீடுகளில் நாட்குறிப்பு யாருடைய கையிலும் கிடைக்கும். அந்தப் பயத்தால் பொய் எழுதும் பிள்ளைகளும் உண்டு. அப்படியானால் தாளில் எழுதிக் கிழித்துவிடுங்கள். எழுதியும் ஆறாத துயரம் என்றால் நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். இதில் தாமதம் வேண்டாம்.

பகிர்வதா, மறைப்பதா?

இதைப் பற்றித்தான் பிள்ளைகள் அதிகம் கேட்கிறார்கள், பெற்றோர் அதிகம் பயப்படுகிறார்கள்.

முதலில் மறைப்பவர்களின் நியாயத்தைக் கேட்போம். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் நாடு தழுவிய இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளி) வரிசைப்படி போகின்றன. 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில் பிரிக்கப்படுகிறது. மிச்ச 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆக, பெரும்பாலான இடங்களுக்குப் பிள்ளையின் நேரடிப் போட்டியாளர் கொழும்பிலோ கண்டியிலோ இல்லை. அதே ரியூசனில் பக்கத்து வாங்கில் இருக்கிறார். ‘என் குறிப்பை ஏன் கொடுக்கவேண்டும்’ என்று ஒரு பிள்ளை கேட்டால் அதைக் கெட்ட மனம் என்று சொல்ல என்னால் முடியாது. இந்தப் பயத்தை வளர்த்தது இருக்கிற இடங்களின் பற்றாக்குறை.

ஆனாலும் அந்தப் பயத்துக்கு ஆதாரம் குறைவு. மேலே சொன்ன ஆய்வு உண்மையானால், குறிப்பைக் கையில் வைத்திருப்பவர் எதையும் கற்றுவிடவில்லை. மூடிவைத்து, நினைவிலிருந்து எடுத்து, பிழைத்து, திருத்தியவர்தான் கற்றிருக்கிறார். உங்கள் பி.டி.எப். போட்டியாளரின் கைத்தொலைபேசியில் கிடப்பதால் உங்கள் இசட் புள்ளி குறையாது. அதை அவருக்கு விளக்கிச் சொல்ல நீங்கள் செலவழித்த பதினைந்து நிமிடமோ உங்கள் மூளையில் தங்கிவிடும்.

பகிர்வதற்கு இந்த மண்ணில் வலுவான காரணங்களும் இருக்கின்றன. தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு இணையத்தில் கிடைப்பவை சொற்பம். ஆங்கிலத்தில் கிடைப்பவை பெரும்பாலும் வேறு நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டவை. தமிழ்நாட்டுக் குறிப்புகளோ தமிழில் இருந்தும் நம் பரீட்சைக்கு இடறலாகின்றன. நாம் கலம், இழையம், ஒளித்தொகுப்பு என்று எழுதும் இடங்களில் அங்கே செல், திசு, ஒளிச்சேர்க்கை. பௌதிகவியலில் நாம் வேகம் என்று சொல்வது அவர்களுக்குத் திசைவேகம். அவர்கள் வேகம் என்று சொல்வது நமக்குக் கதி. அதைப் பார்த்துப் படித்த பிள்ளை கணக்கைச் சரியாகச் செய்தும் விளக்கத்தில் தடுமாறும். பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் கடந்தகால வினாத்தாள்கள் இருக்கின்றன, கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு வினாவுக்கு ஏன் இந்த விடை என்று நம் கலைச்சொல்லில் படிப்படியாக விளக்கும் பக்கங்கள் அரிது. அந்த இடைவெளியை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையால் நிரப்ப முடியும். நிரப்பியும் இருக்கிறார்கள்.

மற்றது வெள்ளம். மாரி மழை நவம்பரில் தொடங்கினால் வாகரையிலிருந்து பொத்துவில் வரை தாழ்நிலத்து வீடுகளில் தண்ணீர் ஏறும். 2024 நவம்பர் இறுதியில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோதே வெள்ளத்தால் அதைச் சில நாட்கள் நிறுத்திவைக்கவேண்டி வந்தது. நனைந்த கொப்பியை வெயிலில் உலர்த்தினால் நீர்க்கரைசல் மையால் எழுதிய பக்கங்கள் வெறும் நீலக் கறையாகிவிடும். வண்ணப் பேனைகளின் கதி இன்னும் மோசம். ஒக்டோபரிலேயே கொப்பியின் முக்கிய பக்கங்களைப் படமெடுத்து ஒரு நண்பரின் கைத்தொலைபேசிக்கும் அனுப்பி வைத்திருந்த பிள்ளைக்கு அந்த இழப்பு இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவாவது ஒவ்வொரு பிள்ளையும் ஓரளவு பகிரத்தான் வேண்டும் என்பேன்.

பிறகு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகள் ஓடத்துக்குக் காத்து நிற்பதில்லை. ஆனால் மாலை வகுப்பு முடிந்து உள்ளூர்க் கிராமத்துக்குத் திரும்ப பஸ் பிடிப்பது இன்றும் அவர்களுக்குப் பெரும்பாடு. பல பிள்ளைகள் கடைசி அரைமணித்தியால வகுப்பை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அவர்களுக்கு வட்ஸ்அப்பில் வரும் மூன்று பக்கப் படம், தவறவிட்ட பாடம்.

இனி மறுபக்கம். பொதுவெளியில் போடுவதற்காக எழுதத் தொடங்கியதும் பக்கத்தின் நோக்கம் மாறுகிறது. படத்தில் நன்றாகத் தெரியும் அலகை முதலில் எழுதத் தோன்றும். கலப்பிரிவு அழகாக வரும், சூழலியல் எண்கள் அழகாக வரமாட்டா. ஆகவே சூழலியல் தள்ளிப்போகும். போட்டபின் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கவேண்டும் போலிருக்கும். அதற்காகக் கையிலெடுத்த தொலைபேசியை அரைமணித்தியாலத்துக்குக் கீழே வைக்க முடியாது. இதில் பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தச் செயலிகளே கையை விடாதபடி செய்யப்பட்டவை. இரவுப் படிப்பு நேரத்தில் பதிவு போடக்கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தடவை போட்டால் போதும்.

பிழையும் பரவும். சுவாசப்பை நாடியைச் சிவப்பில் தீட்டிய அழகான பக்கம் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய்க்கொண்டேயிருக்கும், திருத்தம் அதன் பின்னால் போகாது. சுமாரான எழுத்தில் இருக்கும் பிழையைப் பிள்ளைகள் சந்தேகிக்கிறார்கள். அழகான எழுத்தில் இருப்பதை அப்படியே நம்புகிறார்கள். அதனால் பகிர்வதற்குமுன் அந்தப் பாட ஆசிரியர் ஒருவரிடம் காட்டவேண்டும். நாங்கள் யாரும் மறுக்கமாட்டோம்.

ரியூசன் ஆசிரியர் அச்சடித்துக் கொடுத்த ரியூட்டை (பாடத்தாளை) படமெடுத்துப் போடுவது வேறு விடயம். அது அவருடைய உழைப்பு, அவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. பெண்பிள்ளைகளின் பெற்றோர் பயப்படுவதில் நியாயமுண்டு. பக்கத்தில் முழுப்பெயர், பாடசாலைப் பெயர், சீருடை, வீட்டு முற்றம், ரியூசன் நேரம் எதுவும் தெரியவேண்டிய தேவையில்லை. பாடத்தின் பெயரில் ஒரு கணக்கு, அதில் தாள் மட்டும், முன்பின் தெரியாதவர்களின் தனிச்செய்திகளுக்குப் பதிலில்லை. இந்த ஏற்பாட்டோடு பெற்றோர் அனுமதிக்கலாம். முற்றாகத் தடுக்கும் வீட்டில் பிள்ளை இன்னொரு பெயரில் கணக்குத் திறக்கிறது, அதுதான் உண்மையில் ஆபத்து.

என் தெரிவு

உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது இது. வகுப்பில் கிறுக்கல் கொப்பி, அன்றிரவே இடப்பக்கக் கேள்விகள், வார இறுதியில் வெறுந்தாளில் பார்க்காமல் வரைதல். அப்படி வரைந்து இரண்டு தடவை பிழைத்த படத்தை மட்டும், எந்த வண்ணத்தில் வேண்டுமானாலும், எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் ஒரு தனிக் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். அந்தக் கொப்பி மெல்லியதாகவே இருக்கும். இணைந்த கணிதம், பௌதிகவியல் பிள்ளைகளுக்குப் பிழைப் பதிவேடும் வினாத்தாளும் போதும். கலைப் பிரிவுக்கு எலும்புக்கூடுகள். பாடத்தில் ஆர்வமே இல்லாமல், கொப்பியைத் திறக்கவே அழும் பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் வண்ணப் பேனையைத் தாராளமாகக் கொடுங்கள். மேசைக்கு வரவைப்பதே அங்கே முதல் வேலை.

பகிர விரும்பும் பிள்ளைக்கு: அழகான சுருக்கக் குறிப்பைப் போடவேண்டாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஒரு கடந்தகால வினா, அதற்குச் சரியான விடை, மற்ற நான்கு தெரிவுகளும் ஏன் பிழை என்ற விளக்கம். பல்தேர்வு வினாவுக்கு இப்படி எழுதுவது கடினம், பிழையான தெரிவு ஏன் பிழை என்று சொல்லத் தெரிந்தவருக்கே பாடம் தெரியும். ஒரு வாரத்துக்கு ஒன்று போதும். ஆண்டையும் வினா இலக்கத்தையும் அலகின் பெயரையும் தலைப்பில் எழுதுங்கள். அப்போதுதான் அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் தேடி எடுக்க முடியும். கறுப்புப் பேனையால் வெள்ளைத் தாளில் எழுதிப் படத்தின் அளவைக் குறைத்து அனுப்பினால், வெல்லாவெளியில் மலிவான டேட்டா அட்டையோடு இருக்கும் பிள்ளைக்கும் அது திறக்கும்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது உங்கள் பிள்ளை புதிதாக ஓர் அலகுக்கு வண்ணக் குறிப்பு எழுதத் தொடங்கினால், பெற்றோரே, பக்கத்தில் போய் உட்காருங்கள். ஏசவேண்டாம். கொப்பியை மூடச் சொல்லி, அந்த அலகிலிருந்து ஒரு கேள்வியைக் கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரியவேண்டியதில்லை. இடப்பக்கத்தில் பிள்ளை எழுதிய கேள்வியையே வாசியுங்கள், வலப்பக்கத்தைப் பார்த்து விடை சரியா என்று நீங்களே சொல்லிவிடலாம்.